மூன்றாவது நீலக் கொடி

எங்கள் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். ஐஸ் நிறையப் போட்டுக் குடித்தால் தெரியாது. என் மனைவி லொரீன் எலுமிச்சைத் துண்டும் போட்டிருக்கிறாள். குடியுங்கள் அம்மா. ஃபீனிக்ஸிலிருந்து இந்த வெயிலில் தனியாக வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள்.

ரிக்கார்டரை மேசைக்கு நடுவே வையுங்கள். என் குரல் இப்போது முன்போல எழும்புவதில்லை. வக்கீல் கூட இருக்க வேண்டாமா என்று வாசலிலேயே கேட்டீர்கள். அவர் காலையில் போனில் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "வாயத் தொறக்காதீங்க ஷெரீப். தெரியாது, ஞாபகமில்ல, அவ்வளவுதான் நீங்க பேசணும். அதிபர் குடுத்த மன்னிப்பு கோர்ட் அவமதிப்புக்கு மட்டுந்தான். இது மாநிலத்துக் கேஸ். அந்தத் தாளு இங்க செல்லாது" என்றார். கெட்டிக்கார மனிதர். ஆனால் என்னைப் போய்த் தெரியாது என்று சொல்லச் சொல்கிறார். சான் லாசரோ கவுன்டியில் ஆறு தேர்தலில் என்னை ஷெரீப்பாக, மாவட்டப் போலீஸுக்கே தலைவனாக, நிறுத்தி ஜெயிக்க வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் இங்கே ஒரு முயல்கூட சாலையைத் தாண்டியதில்லை. எனக்குத் தெரியாமல் மூன்று பேர் செத்தார்கள் என்று சொல்லிவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு முடிதிருத்தும் கடையில் போய் உட்காருவேன்?

மாநில விசாரணை அதிகாரி நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெனீடெஸ் சமவெளியில், ஒரு நீலக் கொடிக் கம்பத்தின் அடியில், மூன்று பிணங்கள் கிடைத்தன. கொடி இருந்தது, தண்ணீர் இல்லை. கம்பத்தின் அடியில் போட்ட சிமென்டில் என் கீழ் வேலை பார்க்கும் டெபுடி ரமீரோ குயிரோஸின் கை பதிந்திருக்கிறது. அவனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். ஷெரீப் சொல்லித்தான் செய்தேன் என்கிறான். அதற்குச் சாட்சி இல்லை. அவன் சொல்வது நிஜமா பொய்யா என்று என் வாயால் கேட்க வந்திருக்கிறீர்கள். பொய் என்று நான் சொல்லிவிட்டால் அவனுக்கு வயதான பிறகுதான் வெளிச்சம். சொல்கிறேன். ஆனால் என் போக்கில்தான் சொல்வேன். இடையில் அவசரப்படுத்தாதீர்கள்.

அதோ, கூடத்தில் லொரீனின் தாயார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறதே, அதுதான் அந்தத் தாள். கண்ணாடி போட்டு மாட்டியது அவள்தான். நானாக மன்னிப்புக் கேட்டு எழுதியதில்லை. அதிபர் அவராகவே கொடுத்தார். ஊரில் பாதிப் பேர் ஹார்ன் அடித்துக்கொண்டு என் வீட்டைச் சுற்றி வந்தார்கள். மீதிப் பாதி கோர்ட் வாசலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று எழுதினார். நான் வேலிதான், ஒத்துக்கொள்கிறேன். எந்தப் பயிரையும் நான் மேயவில்லை. வேலிக்குள் வந்ததைத்தான் பிடித்தேன்.

என் தகப்பனார் மாடு வளர்த்தவர். மாட்டுக்காரர் ஊரில் பிறந்தவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். வழியில் ஒரு கேட் வந்தால், அது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போ. மூடியிருந்தால் திறந்து, தாண்டி, மூடு. திறந்திருந்தால் திறந்தே விடு. யாருடைய நிலம், ஏன் திறந்திருக்கிறது என்று ஆராய்ச்சி பண்ணாதே. நான் இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் பிழைத்தேன். மெக்ஸிகோ எல்லை என்பதும் ஒரு கேட்தானே. அது மூடியிருந்தது. திறந்தவர்கள் அவர்கள்.

நாங்கள் செய்ததில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சாலையில் வண்டியை நிறுத்துவோம். பின்விளக்கு எரியவில்லை என்போம். உள்ளே இருப்பவரிடம் அடையாளத் தாள் கேட்போம். இல்லாதவரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபெடரல் குடியேற்ற அதிகாரிகளைக் கூப்பிடுவோம். தோலின் நிறத்தைப் பார்த்து நிறுத்துகிறீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். நான் டயரைப் பார்ப்பேன் என்று சாட்சிக் கூண்டில் சொன்னேன். பின்னால் ஆட்களை அடைத்திருந்தால் பின்டயர் அமுங்கும். நீதிபதி நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், டயரையும் பார்ப்பேன், நிறத்தையும் பார்ப்பேன். கண் இரண்டு இருக்கிறதே.

வெறும் சந்தேகத்தின் பேரில் இனி யாரையும் பிடித்து வைக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். நான் கோர்ட் படியில் நின்று, எனக்குச் சம்பளம் கொடுப்பது நீதிபதி ஐயா இல்லை, இந்தக் கவுன்டி மக்கள் என்று டிவிக்காரர்களிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்தேன். அதுதான் கோர்ட் அவமதிப்பு. அதற்குத்தான் மன்னிப்பு.

கொடிகள் வேறு கதை. அது எந்தக் கோர்ட்டுக்கும் தெரியாது.

எல்லையை ஒட்டிய மண்சாலையில் பழைய டயர்களைச் சங்கிலியில் கட்டி வண்டியால் இழுத்துப் போவோம். எண்ணெய் தடவிச் சீவிய தலை மாதிரி மண் படிந்துவிடும். அதற்குப் பிறகு விழும் காலடி எல்லாம் புதிது. எத்தனை பேர், யார் சுமை தூக்குகிறார்கள், யாருக்குக் கால் புண், எல்லாம் அதில் எழுதியிருக்கும். நான் ஒழுங்காகப் படித்த ஒரே புத்தகம் அதுதான் என்று லொரீன் கேலி செய்வாள். அந்தப் புத்தகத்தில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. எல்லாக் காலடியும் நீலக் கொடியைப் பார்த்துத்தான் போனது.

நீலக் கொடி நெட்டி ஓக்ஸ் டீச்சருடையது. எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு சர்ச் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பாலைவனத்தில் தண்ணீர்ப் பீப்பாய் வைத்தார். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் உயரமான கம்பத்தில் நீலக் கொடி. அந்தப் பக்கம் மெக்ஸிகோவில் ஆட்களைக் கூட்டி வருகிறவன்கூட, "வழி தவறிட்டா நீலத்தப் பாத்து நடங்க" என்றுதான் சொல்லி அனுப்புவான். டீச்சர் ஒருநாள் என் அலுவலகத்துக்கே வந்து விரலை நீட்டினார்.

"வெர்லன், உன் ஆளுங்க என் பீப்பாயில ஓட்ட கீட்ட போட்டாங்கன்னு தெரிஞ்சுது, நேரா உங்கம்மா கல்லறைக்குப் போயி சொல்லிட்டு வந்துருவேன்."

"நான் ஏன் டீச்சர் ஓட்ட போடறேன்? தண்ணிய யாராவது வீணாக்குவாங்களா?"

"கணக்குல ஏமாத்துனப்பவும் இப்பிடித்தான் மூஞ்சிய வெச்சிருந்தே" என்றார்.

நான் அவர் பீப்பாயைத் தொட்டதே இல்லை. அந்த மாதிரி அற்பத்தனம் எனக்கு வராது. ஆனால் மீன் எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்த பிறகு ஆறு முழுக்க வலை போடுகிறவன் முட்டாள். நானும் மூன்று கொடி நட்டேன், பீப்பாய் இல்லாமல்.

துணி லொரீன் தைத்தது. "எதுக்கு இவ்வளவு நீலம்? கடலையா தெச்சுத் தரச் சொல்றீங்க?" என்று கேட்டாள். ரோடியோ திருவிழா ஊர்வலத்துக்கு என்றேன். அவளை இதில் இழுக்காதீர்கள். அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. இப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தால், இப்போது தெரிந்திருக்கும்.

குழி வெட்டியது ரமீரோ. பழைய பாசனக் குழாயைக் கம்பமாக நிறுத்தி, சிமென்ட் போட்டோம். அவனுக்கு எப்போதும் வாய் ஓயாது. "ஷெரீப், தூண்டில் போடறதுக்கு முன்ன கொளத்தையாவது வெட்ட வேணாமா?" என்று சிரித்தான். மூன்றாவது கம்பத்தின் சிமென்ட் ஈரமாக இருந்தபோது தன் உள்ளங்கையை அழுத்திப் பதித்தான். "சினிமாக்காரங்க பண்ணுவாங்கல்ல, அது மாதிரி" என்றான். அந்த விளையாட்டுப் புத்திதான் இன்று அவனை உங்களிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் கொடிகளுக்குக் காவலாக ஆட்கள் இருந்தார்கள். சற்றுத் தள்ளி சீமைக்கருவேல மரத்தடியில் என் டெபுடிகள் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் விலங்கு. அது என் கண்டிப்பான கட்டளை. தண்ணீர் கொடுத்த கையை ஒரு கிழவர் முத்தமிட்டார், அதே கைதான் அடுத்த நிமிடம் அவருக்கு விலங்கு மாட்டியது. டீச்சரின் பீப்பாய் சில நாள் வறண்டு கிடக்கும். என் கொடிக்கு வந்தவர் யாரும் நாக்கு வறண்டு சாகவில்லை. பாலைவனத்தில் அதிகம் பேரைக் காப்பாற்றியது யார் என்று யாராவது நேர்மையாகக் கணக்குப் போட்டால், டீச்சர் எனக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

பிறகு போன கோடை வந்தது. நீதிபதி என்னைக் குற்றவாளி என்றார். தண்டனையை அடுத்த வாரம் சொல்வதாகத் தள்ளி வைத்தார். அதோடு நிற்காமல், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அதுக்குள்ள உங்க ஆள் ஒருத்தர் அந்தப் பாலைவனத்துல யாரையாவது பிடிச்சாருன்னு எனக்குச் சேதி வந்தா, உங்கள இந்த அறையிலேர்ந்தே ஜெயிலுக்கு அனுப்புவேன், திரு. டக்கெட்" என்றார். ஷெரீப் என்றுகூடச் சொல்லவில்லை. இருபத்து சொச்சம் வருஷத்தில் யாரும் என்னைத் திரு. டக்கெட் என்று கூப்பிட்டதில்லை. சுருக்கென்று தைத்தது. அதை மறைக்க மாட்டேன்.

அன்று மத்தியானமே ரேடியோவில் எல்லோரையும் திரும்பி வரச் சொன்னேன். மரத்தடியில் இருந்தவர்கள் தண்ணீர்க் கேன்களையும் நாற்காலிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நீதிபதி சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து கேட்டேன்.

ரமீரோ மட்டும் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"கொடிய என்ன பண்றது ஷெரீப்?"

"கேட்ட எப்படிப் பாத்தியோ அப்படியே விட்டுட்டு வா. தெரியாதா உனக்கு?"

"அங்க தண்ணி இல்லியே. ஆளும் இல்லன்னா, அதப் பாத்து வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

"தண்ணி வெக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போடலியே."

அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான். "கேட்ட அப்படியே விடறதுங்கறதே மாடு தண்ணிக்குப் போற வழிய யாரும் அடைச்சிடக் கூடாதுன்னுதானே ஷெரீப். எங்க தாத்தாவும் மாட்டுக்காரர்தான்."

நான் அவனை வெளியே போகச் சொன்னேன். சின்னவன் வாயில் பெரிய பேச்சு.

அவன் தன் விடுமுறை நாளில் போய் முதல் இரண்டு கொடியையும் இறக்கிவிட்டான். எனக்குத் தெரியும், விட்டுவிட்டேன். மூன்றாவது பெனீடெஸ் பண்ணைக்குள் இருக்கிறது. அந்தக் குடும்பம் விற்றுவிட்டுப் போய் நாளாயிற்று. அந்த கேட்டில் சங்கிலி, பூட்டு. பூட்டை நான் மாற்றியிருந்தேன். சாவி இதோ, இந்த வளையத்தில். அவன் வந்து கேட்டான். எந்தச் சாவி என்றேன். சங்கிலியை வெட்டுவேன் என்றான். அடுத்தவன் பண்ணையில் சங்கிலியை வெட்டினால் உன்னை நானே பிடித்து உள்ளே போட வேண்டியிருக்கும், வேலையும் போகும், வீட்டில் பிறந்து ஒரு மாசம் ஆகாத பெண் இருக்கிறதே என்றேன். திரும்பிப் போனான். வேலிக்கு மேல் ஏறிப் போயிருக்கலாம். டீச்சரிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அதற்காக அவனைக் கொலைகாரன் என்று சொல்ல முடியாது. சோறு போய்விடும் என்று பயந்தவன், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் ஊரில் பாதிப் பேரை நீங்கள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

மூன்றாவதை ஏன் விட்டேன் என்று கேட்கிறீர்கள். உங்களைப் போன்ற படித்தவர்களுக்கு ஆதாரம் வேண்டும். அந்த நீதிபதிக்கு நான் எத்தனையோ தடவை சொன்னேன், நாங்கள் பிடிக்காவிட்டால் இவர்கள் செத்துப்போவார்கள் என்று. காதில் விழவில்லை. அடுத்த வாரம் தண்டனை சொல்லும்போது பேச எனக்கு நேரம் கொடுப்பார். அப்போது கையில் ஒன்று இருக்க வேண்டும். ஐயா, நீங்கள் சொன்னபடி நாங்கள் விலகினோம், பாருங்கள் என்ன ஆயிற்று என்று காட்ட வேண்டும். பட்டால்தான் சிலருக்குப் புத்தி வரும். அவருடைய உத்தரவு என்ன செய்யும் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இதில் என்ன தவறு என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இல்லை அம்மா. கோபத்தில் செய்யவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் உங்களுக்கு எளிது. யோசித்துத்தான் செய்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தேன். ஆமாம், போனேன். ரமீரோவுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது. பெனீடெஸ் கேட்டைத் திறந்து, தாண்டி, மூடிவிட்டு மேட்டின் மேல் வண்டியை நிறுத்தினேன். ஏசியை அணைக்கவில்லை. பைனாகுலரில் பார்த்தேன். மூன்று பேர் இருந்தார்கள். ஒரு பெண், இரண்டு ஆண்கள். மரத்தடிக்குப் போகலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். மூன்றாவது கம்பத்துக்கு மட்டும் மரம் வெகுதூரம் தள்ளித்தான் இருந்தது, அதுவரை போக அவர்களுக்குத் தெம்பில்லை போலிருக்கிறது. கொடி இருக்கும் இடத்தில் யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள் என்றும் நம்பியிருக்கலாம். கம்பத்தின் நிழல் இருக்கிறதே, என் கை அகலம்தான் இருக்கும். அந்த நிழலில் ஒருவர் பின் ஒருவராக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். முகத்தை மட்டும் நிழலில் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் என் வண்டியைப் பார்த்துவிட்டாள். கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியிருக்கும். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேலே தூக்கி ஆட்டினாள். கத்தினாளா என்று தெரியாது. ஜன்னலை ஏற்றியிருந்தேன்.

வண்டியின் பின்னால் இரண்டு கேன் தண்ணீர் இருந்தது. இந்தப் பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் யாரும் வண்டி எடுப்பதில்லை. அது உங்களுக்கும் தெரியும், உங்கள் வண்டியிலும் இருக்கும். நான் இறங்கிப் போனால் அவர்களைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் உத்தரவை மீறியவன் ஆவேன். பிடிக்காமல் தண்ணீர் மட்டும் கொடுத்தால் நான் நெட்டி டீச்சர் ஆகிவிடுவேன். சட்டம் சட்டம்தான். நீதிபதிக்குக் காட்டப் போனில் ஒரு படம் எடுத்தேன். கேட்டை மூடிப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம்தான் அதிபர் கூப்பிட்டார். நான் பின்கட்டில் இறைச்சி சுடும் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கரி. லொரீன் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் நல்லவன், நாட்டுக்காக உழைத்தவன், எனக்கு அநியாயம் நடந்துவிட்டது, இனி கவலை வேண்டாம் என்றார். நன்றி ஐயா என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தகப்பனார் செத்தபோதுகூட நான் அழவில்லை.

சேதி டிவியில் வந்ததும் தெரு முழுக்க வண்டிகள். ஒருவர் மாட்டிறைச்சி பிரிஸ்கெட் கொண்டுவந்தார், ஒருவர் பீன்ஸ் சட்டியோடு வந்தார், பாப்டிஸ்ட் சர்ச் பெண்கள் பீச் பழப் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்தார்கள். லொரீன் தொட்டி தொட்டியாக எலுமிச்சை ஜூஸ் கலக்கினாள். பிள்ளைகள் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சி விளையாடினார்கள். புல்தரை முழுக்கச் சேறு. நல்ல நாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் ரமீரோவும் வந்திருந்தான். சட்டையை மாற்றிக்கொண்டு, மரியாதையாகத்தான் வந்தான். என் காதருகே குனிந்தான்.

"இப்பவாவது அந்தச் சாவியக் குடுங்க ஷெரீப். இனிமே உங்கள யாரு என்ன பண்ண முடியும்? ரெண்டு கேன் வெச்சிட்டு, கொடிய எறக்கிட்டு வந்துடறேன். மனசு கேக்கல."

"தட்ட எடுத்துக்க. பிரிஸ்கெட் ஆறிடப் போகுது" என்றேன்.

அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் தட்டை எடுத்துக்கொண்டான், சாப்பிட்டானா என்று பார்க்கவில்லை. இதைச் சாட்சியாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டான், நான் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மறுபடி போனேன். கேட்டிலிருந்தே பிணந்தின்னிக் கழுகுகள் தெரிந்தன. மண் எல்லாவற்றையும் சொன்னது. நான் அந்தத் தொழிலில் கெட்டிக்காரன், உங்கள் ஆட்களில் யாரும் இப்படிப் படித்திருக்க மாட்டார்கள். ஆண்கள் இருவரும் வியாழக்கிழமை பொழுது சாயும்போதே நகர்வதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த தடம் கிழக்குப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தடம் மட்டும் மறுநாள் காலையில் மேற்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கியிருந்தது. நிழலோடு கூடவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கம்பத்தின் அடிவரை வந்திருக்கிறது. உச்சி வெயிலில் நிழல் அங்கேதானே ஒடுங்கும். அந்தச் சிமென்டில் ரமீரோவின் கை பதிந்த குழி இருக்கிறதே, அதில் அவள் விரலை விட்டுத் தோண்டிப் பார்த்திருக்கிறாள். பனி ஈரம் தேங்கியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஆமாம். வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை உயிரோடு இருந்தாள். வியாழன் சாயங்காலம், என் வீட்டில் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தபோது, உயிரோடுதான் இருந்தாள்.

அதற்கு மேல் செய்ய வேண்டியதைச் செய்தேன். போனில் இருந்த படத்தை அழித்தேன். எனக்கு மன்னிப்பு வந்துவிட்டது, தண்டனை சொல்லும் நாள் ரத்தாகிவிட்டது, இனி அந்த நீதிபதிக்கு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆதாரத்துக்கு வேலை போய்விட்டது. வண்டியின் பின்னால் டயர்ச் சங்கிலியைக் கட்டி மேட்டிலிருந்து கேட்வரை இழுத்தேன், என் தடம் தெரியாதபடி. கேட்டை மூடினேன். மழைக்காலம் வந்து மீதியைக் கழுவிவிட்டது. போன குளிர்காலத்தில் நெட்டி டீச்சர் அந்த வயதில் வேலி ஏறிக் குதித்துப் போய் அவர்களைக் கண்டுபிடித்திருக்காவிட்டால், நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அந்தப் பெண்ணின் பெயர் மார்செலினா என்று சற்று முன் சொன்னீர்கள். குவாத்தமாலாவிலிருந்து, தம்பியோடும் கணவனோடும் வந்தாள் என்றீர்கள். நான் கேட்கவில்லை, நீங்களாகச் சொன்னீர்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ரமீரோவை விட்டுவிடுங்கள். குழி வெட்டியது மட்டும்தான் அவன். கொடி நடச் சொன்னவன் நான். இறக்காதே என்றவனும், சாவியை வைத்துக்கொண்டவனும், பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவனும் நான்தான். இதை அவனுக்கு இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. என் கவுன்டியில் நடந்ததை எவனோ ஒரு டெபுடி செய்தான் என்று நாளைக்குப் பேப்பரில் வருவதை என்னால் சகிக்க முடியாது. நான் பயந்துகொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன் என்று யாரும் பேசக் கூடாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அந்தச் சாவியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, இல்லையா. உத்தரவுக்குப் பயந்து தண்ணீர் கொடுக்கவில்லை என்றீர்களே, மன்னிப்பு வந்த பிறகு உங்களை எது தடுத்தது என்று கேட்டீர்கள். ஒன்றும் தடுக்கவில்லை அம்மா. ஆனால் வீடு நிறைய விருந்தாளிகள் வந்திருந்தார்கள். வந்தவர்களை விட்டுவிட்டு வீட்டுக்காரன் எழுந்து போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

அட, நீங்கள் தண்ணீரைத் தொடவே இல்லை. ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. லொரீனிடம் வேறு கொண்டுவரச் சொல்கிறேன். அவள் ஏன் கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டேன் என்கிறாள் என்று தெரியவில்லை. பரவாயில்லை, நானே போய் எடுத்து வருகிறேன். குடிக்காமல் எழுந்திருக்காதீர்கள். என் வாசலுக்கு வந்த யாரையும் நான் தாகத்தோடு திருப்பி அனுப்பியதில்லை.